பி-டாவ்217 முடிவு "இடைநிலை" என்று வந்தால் அடுத்து என்ன?

பொதுமருத்துவன் – கேள்வி

நான் நரம்பியல் நிபுணன் இல்லை, பொது மருத்துவம். இதில் அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

வயது 72, ஆண். 14 மாதமாக ஞாபகமறதி. சொன்னதையே திரும்பச் சொல்கிறார், மாத்திரை போட்டோமா இல்லையா என்று குழம்புகிறார். குளியல், உடை, பணக்கணக்கு எல்லாம் இன்னும் அவரே பார்த்துக்கொள்கிறார். மோகா (ஞாபகம், சிந்தனையைப் பார்க்கும் தேர்வு) 22/30. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போவது), ரத்தக்கொதிப்பு உண்டு. ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 41, பிஎம்ஐ (உடல் பருமன் குறியீடு) 31. ரத்தம் உறையாமலிருக்க அபிக்ஸபன் 5 மி.கி. இருவேளை, நாடித்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் 50 மி.கி., சிறுநீர் அடக்க முடியாததற்கு ஆக்சிபியூட்டினின் 5 மி.கி. இருவேளை. பி12, தைராய்டு சரி. சாதாரண எம்ஆர்ஐயில் ஹிப்போகேம்பஸ் (ஞாபகத்துக்கான மூளைப் பகுதி) லேசாகச் சுருங்கியிருப்பதாக ரிப்போர்ட்.

அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு, டாவ் புரதங்களை ரத்தத்தில் அளக்கும் லூமிபல்ஸ் பரிசோதனை செய்தோம். பி-டாவ்217 மில்லிலிட்டருக்கு 0.15 பைக்கோகிராம், அமிலாய்டு பீட்டா 42 மில்லிலிட்டருக்கு 26 பைக்கோகிராம், முதலாவதை இரண்டாவதால் வகுத்த விகிதம் 0.00577. ரிப்போர்ட்டில் "இடைநிலை" என்று மட்டும் இருக்கிறது.

திரும்ப ரத்தம் எடுக்கலாமா? மூளை அமிலாய்டைக் காட்டும் பெட் ஸ்கேனா, முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையா? சிறுநீரகம் மந்தமாக இருப்பது முடிவைக் கெடுத்திருக்குமா? குடும்பத்தார் அமிலாய்டை அகற்றும் ஆன்டிபாடி ஊசிகளான லெகனெமாப், டோனனெமாப் பற்றிப் படித்துவிட்டு வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

ஆய்வகக்குழாய்

ஆய்வகப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை நரம்பியல்காரர்கள் சொல்லட்டும்.

இந்தப் பரிசோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 மே மாதம் அனுமதி தந்தது. 55 வயதும் அதற்கு மேலும் ஆன, அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும். இரண்டு வெட்டுப்புள்ளிகள் உண்டு: 0.00370 அல்லது அதற்குக் கீழே நெகட்டிவ், 0.00738 அல்லது அதற்கு மேலே பாசிட்டிவ். நடுவில் இருப்பதெல்லாம் இடைநிலை. அனுமதிக்கு அடிப்படையான 499 பேரின் மாதிரிகளில், பாசிட்டிவ் வந்தவர்களில் 91.7 சதவீதம் பேருக்குப் பெட் அல்லது முதுகுத்தண்டு நீரிலும் அமிலாய்டு உறுதியானது. நெகட்டிவ் வந்தவர்களில் 97.3 சதவீதம் பேருக்கு அவற்றிலும் இல்லை. இடைநிலையில் விழுந்தவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. ஆக, இடைநிலை என்பது பரிசோதனை தோற்றுவிட்டது என்பதல்ல. தெளிவாகச் சொல்ல முடியாத பகுதியை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இரு ஓரங்களிலும் இவ்வளவு துல்லியம் கிடைக்கிறது.

உடனே திரும்ப எடுப்பதில் பெரும்பாலும் பயனில்லை. ஒரே ஆளின் அளவே வாரத்துக்கு வாரம் கொஞ்சம் ஏறி இறங்கும். இரண்டாவது தடவை 0.0075 வந்தால் அதை நம்புவீர்களா, முதலாவதை நம்புவீர்களா? மாதிரியைக் கையாண்டதில் கோளாறு என்று சந்தேகம் இருந்தால் மட்டும் திரும்ப எடுங்கள்.

அந்தச் சந்தேகம் இங்கே முக்கியம், ஏனென்றால் விகிதத்தில் வகுக்கும் எண் அமிலாய்டு 42. பி-டாவ் ஓரளவு முரட்டுத்தனமான மூலக்கூறு, அறை வெப்பத்தில் சில மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். அமிலாய்டு 42 தாங்காது. ரத்தம் பிரிக்கப்படாமல் அறை வெப்பத்தில் நின்றால் குறையும், குழாய் மாற்றி மாற்றி ஊற்றினால் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டும் குறையும். உங்கள் எண்ணையே வைத்துக் கணக்குப் போடுங்கள்: 26 இருக்கவேண்டிய 42, கவனக்குறைவால் 20 ஆகிவிட்டால் 0.15-ஐ 20-ஆல் வகுக்க 0.0075. பாசிட்டிவ்! நோயாளியின் மூளையில் ஒரு மாற்றமும் இல்லை, குழாய் மேசைமேல் கிடந்தது, அவ்வளவுதான். கையாளும் தவறு பொதுவாக முடிவை மேல்நோக்கித் தள்ளும் என்பதை நினைவில் வையுங்கள்.

செய்ய வேண்டியது: இடிடிஏ குழாய், சீரம் குழாயோ ஹெப்பாரின் குழாயோ அல்ல. எடுத்தவுடன் மெதுவாகப் பலமுறை கவிழ்த்துக் கலக்க வேண்டும். சீக்கிரம் சென்ட்ரிஃபியூஜ் செய்து, பிளாஸ்மாவை ஒரே தடவையில் பாலிப்ரொப்பிலீன் குழாய்க்கு மாற்ற வேண்டும். உடனே பிரிக்க வழியில்லையென்றால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வையுங்கள். நாள்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் மைனஸ் 80. உருக்கி உறைய வைப்பதைத் தவிர்க்கவும்.

சிறுநீரகம் பற்றி: ஈஜிஎஃப்ஆர் குறைந்தால் பி-டாவ்217 ரத்தத்தில் தேங்கி, அமிலாய்டு இல்லாதவருக்கும் கூடிக் காட்டும். ஆனால் அமிலாய்டு 42-உம் அதேபோல் தேங்கும். மேலும் கீழும் சேர்ந்து ஏறுவதால் விகிதம் ஓரளவு தப்பிக்கிறது. தனி பி-டாவ்217 அளவை மட்டும் தரும் கிட்டாக இருந்திருந்தால் 41 என்ற ஈஜிஎஃப்ஆருக்கு நான் இன்னும் தயங்கியிருப்பேன். உடல் பருமன் எதிர்ப்பக்கம் இழுக்கும்: ரத்தக் கொள்ளளவு கூடுவதால் அளவு நீர்த்துக் காட்டும்.

இன்னொன்று, இதயச் செயலிழப்புக்கு சாகுபிட்ரில்-வால்சார்டன் எடுப்பவர்களுக்கு அமிலாய்டு எண்களை நம்பாதீர்கள். அமிலாய்டைச் சிதைக்கும் நெப்ரிலைசினை அந்த மருந்து தடுக்கிறது. அமிலாய்டு 42, அதைவிடச் சற்றுக் குட்டையான அமிலாய்டு 40 இரண்டும் மாறிவிடும், பி-டாவ்217 அசையாது. உங்கள் நோயாளிக்கு அது இல்லை, ஆனால் இதய நோயாளிகளுக்கு இந்தப் பரிசோதனை எழுதும்போது மருந்துச் சீட்டைப் பாருங்கள்.

நினைவுப்பிரிவு

டாக்டர், பரிசோதனைக்கு முன்னாலேயே ஒன்று இருக்கிறது. ஆக்சிபியூட்டினின்.

72 வயது மூளையில் அசிடைல்கோலினைத் தடுக்கும் மருந்து இருவேளை போய்க்கொண்டிருக்கிறது. மோகாவில் சில புள்ளிகளை அதுவே தின்றிருக்கலாம். அதோடு, நாளைக்கு மறதிக்கான டோனெபெசில் எழுதினால் ஒரு மருந்து அசிடைல்கோலினைக் கூட்டும், மற்றது தடுக்கும். இரண்டும் சேர்ந்து நோயாளிக்குப் பக்கவிளைவு மட்டும் மிஞ்சும். சிறுநீருக்கு மிராபெக்ரான் போன்ற பீட்டா-3 வகைக்கு மாற்றுங்கள். ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும், மெட்டோப்ரோலால் அளவை அது ரத்தத்தில் கூட்டும் என்பதால் நாடித்துடிப்பையும் பாருங்கள். தூக்கத்தில் மூச்சுத்திணறல் (பிஎம்ஐ 31, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றால் கேட்டே ஆகவேண்டிய கேள்வி), காது கேட்கும் திறன், மனச்சோர்வு இவற்றையும் முடித்துவிடுங்கள்.

இப்போது ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். அது பதில் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: மூளையில் அமிலாய்டு படிந்திருக்க வாய்ப்பு எவ்வளவு? இந்த மறதிக்கு அதுதான் காரணமா என்பதை அது சொல்லாது. அறிகுறியே இல்லாதவர்களிலும் அமிலாய்டு உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2015 தொகுப்பின்படி 50 வயதில் சுமார் 10 சதவீதம், 90 வயதில் 44 சதவீதம். அதனால் அமிலாய்டு இருக்கும், மறதிக்குக் காரணம் மூளை ரத்தக்குழாய் நோயாகவோ லூயி பாடி நோயாகவோ டிடிபி-43 என்ற புரதம் படியும் லேட் நோயாகவோ (முதுமையில் வரும் வேறொரு மறதி நோய்) இருக்கும், அல்லது எல்லாம் கலந்திருக்கும். லேட் நோய்க்கு இன்னும் ரத்தப் பரிசோதனை கிடையாது.

யாருக்குச் செய்கிறோம் என்பதே பரிசோதனையின் மதிப்பை மாற்றும். உணர்திறன் (அமிலாய்டு இருப்பவரைச் சரியாகப் பிடிப்பது) 90 சதவீதம், தனித்திறன் (இல்லாதவரைச் சரியாக இல்லை என்பது) 90 சதவீதம் என்று வையுங்கள். மறதி வார்டில் 1000 பேரில் 500 பேருக்கு அமிலாய்டு இருந்தால் உண்மையான பாசிட்டிவ் 450, பொய் பாசிட்டிவ் 50. பாசிட்டிவ் என்றால் 90 சதவீதம் நம்பலாம். அதே பரிசோதனையை, 1000 பேரில் 100 பேருக்கு மட்டும் அமிலாய்டு உள்ள ஆரோக்கியமான கூட்டத்தில் செய்யுங்கள். உண்மை 90, பொய்யும் 90. நாணயம் சுண்டிப் பார்ப்பதும் அதுவும் ஒன்றுதான். "எதற்கும் பார்த்துவிடலாம்" என்று முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் இதைச் சேர்ப்பதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

பொது மருத்துவர் நிலையில் இது வேலை செய்யுமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு: 2024-ல் ஜாமா இதழில் வந்த ஸ்வீடன் ஆய்வில் 1213 பேர். பி-டாவ்217-க்கும் சாதாரண டாவ்217-க்கும் உள்ள விகிதத்தையும் அமிலாய்டு 42/40-ஐயும் சேர்த்த ரத்தப் பரிசோதனை சுமார் 91 சதவீதம் சரியாகச் சொன்னது. ரத்த முடிவைப் பார்க்காமல் ஆரம்ப சுகாதார மருத்துவர்கள் 61 சதவீதம், நிபுணர்கள் 73 சதவீதம். எங்கள் கணிப்பும் அப்படியொன்றும் பிரமாதமில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் அல்சைமர்ஸ் அசோசியேஷன் 2025-ல் வெளியிட்ட வழிகாட்டி இரண்டு படி வைக்கிறது. உணர்திறன் குறைந்தது 90, தனித்திறன் குறைந்தது 75 என்றால் வடிகட்டுவதற்கு மட்டும்: நெகட்டிவ் வந்தால் அமிலாய்டை ஒதுக்கலாம், பாசிட்டிவ் வந்தால் பெட் அல்லது முதுகுத்தண்டு நீரில் உறுதி செய்ய வேண்டும். இரண்டுமே குறைந்தது 90 என்றால் அவற்றுக்குப் பதிலாகவே பயன்படுத்தலாம். இது நிபுணர் கவனிப்பில், மறதி உறுதியானவர்களுக்கு மட்டும்.

பெட்டா, நீரா? இவருக்குப் பெட். அபிக்ஸபன் எடுப்பவருக்கு முதுகில் ஊசி போட மருந்தை 2–3 நாள் நிறுத்த வேண்டும், சிறுநீரகம் மந்தமென்றால் அதற்கும் கூடுதலாக. அத்தனை நாள் பக்கவாத ஆபத்து. ஃப்ளோர்பெட்டாபிர் பெட் என்றால் 370 மெகாபெக்கெரல் ஊசி, 30 முதல் 50 நிமிடம் காத்திருப்பு, 10 நிமிட ஸ்கேன். அபிக்ஸபனை நிறுத்த வேண்டியதில்லை.

ஆனால் அதையும் இப்போதே எழுதாதீர்கள். முதலில் ஒன்றைத் தீர்மானியுங்கள்: பெட் பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள்? ஆன்டிபாடி ஊசியா? அபிக்ஸபன் எடுப்பவருக்கு அது கிட்டத்தட்ட மூடிய கதவு. லெகனெமாபுக்கு 2023-ல் நிபுணர் குழு தந்த பயன்பாட்டுப் பரிந்துரை ரத்த உறைவெதிர்ப்பு மருந்து எடுப்பவர்களை விலக்குகிறது, ஐரோப்பிய அனுமதியும் தடை செய்கிறது. அமெரிக்க லேபிள் மட்டும் "கூடுதல் எச்சரிக்கை" என்று நிற்கிறது. ஊசிக்கு வழிவிட அபிக்ஸபனை நிறுத்தலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அபிக்ஸபன் தடுத்து வைத்திருக்கும் பக்கவாதம் வந்தால் இவர் இழப்பது, 18 மாதத்தில் ஊசி காப்பாற்றித் தருவதைவிட அதிகம்.

பொதுமருத்துவன்

ஆக்சிபியூட்டினினை நான் சிறுநீர் மருந்தாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றே மாற்றுகிறேன். நெருங்கிய உறவினர்களுக்கு எண்களோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசி எவ்வளவு உதவும், எவ்வளவு ஆபத்து? அபிக்ஸபன் இல்லாத அடுத்த நோயாளிக்கும் அது தேவைப்படும்.

நினைவுப்பிரிவு

லெகனெமாப்: கிலோவுக்கு 10 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்புவழி. கிளாரிட்டி ஏடி ஆய்வில் 1795 பேர், 18 மாதம். மறதியின் தீவிரத்தை அளக்கும், 18 புள்ளி கொண்ட சிடிஆர் அளவுகோலில் மருந்துக் குழு 1.21 புள்ளியும், மருந்தில்லாக் குழு 1.66 புள்ளியும் சரிந்தன. வித்தியாசம் 0.45. செய்தித்தாளில் வந்த "27 சதவீதம்" இதுதான். குடும்பத்திடம் 27 சதவீதத்தை மட்டும் சொன்னால் இழந்த ஞாபகத்தில் கால்பங்கு திரும்பும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 0.45-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள். மறதி மீளவில்லை, சரிவு மெதுவானது.

டோனனெமாப்: நான்கு வாரத்துக்கு ஒருமுறை. 1736 பேர், 76 வாரம். டாவ் படிவு குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தவர்களில் ஞாபகத்தையும் அன்றாட வேலைகளையும் சேர்த்து அளக்கும் ஐஏடிஆர்எஸ் அளவுகோலில் சரிவு 35 சதவீதம் மெதுவானது. பெட்டில் அமிலாய்டு துடைத்துப்போனால் மருந்தை நிறுத்திவிடலாம் என்பது இதன் வசதி.

ஆபத்து ஏஆர்ஐஏ. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த அமிலாய்டை ஆன்டிபாடி பிடுங்கும்போது சுவர் கசிகிறது. நீர் கசிந்தால் இ வகை, ரத்தம் கசிந்தால் ஹெச் வகை. இ வகை லெகனெமாபில் 12.6 சதவீதம், மருந்தில்லாதவர்களில் 1.7. டோனனெமாபில் 24, எதிரில் 2.1. பெரும்பாலும் அறிகுறியில்லாமல் எம்ஆர்ஐயில் மட்டும் தெரியும். ஆனால் டோனனெமாப் ஆய்வில் மூன்று மரணங்கள் இதோடு தொடர்புடையவை. டோனனெமாபை 350, 700, 1050, 1400 மி.கி. என்று படிப்படியாகக் கூட்டினால் 24 வாரத்தில் இ வகை 24-லிருந்து 14 சதவீதமாகக் குறைந்தது. 2025-ல் லேபிளும் அப்படி மாறியது.

மரபணுப் பரிசோதனை இல்லாமல் தொடங்காதீர்கள். லெகனெமாபில் அபோஈ4 என்ற மரபணுவின் பிரதி இல்லாதவர்களில் இ வகை 5.4 சதவீதம், ஒரு பிரதியென்றால் 10.9, இரண்டு பிரதியென்றால் 32.6. ஐரோப்பாவில் இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு அனுமதியே இல்லை. அந்த முடிவு பிள்ளைகளின் மரபையும் பற்றியது என்பதால் பரிசோதனைக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

சாம்பல்வெள்ளை

கதிரியக்கப் பக்கத்திலிருந்து. "சாதாரண எம்ஆர்ஐ" போதாது. தொடங்குமுன் வீக்கத்தைக் காட்டும் ஃப்ளேர், புதிய பக்கவாதத்தைக் காட்டும் டிஃப்யூஷன், அதோடு ரத்தக்கசிவைக் காட்டும் ஜிஆர்இ அல்லது எஸ்டபிள்யூஐ படங்கள் கட்டாயம். நுண்கசிவு 4-க்கு மேல் இருந்தாலோ, மூளை மேற்பரப்பில் இரும்புப் படிவு (பழைய கசிவின் தடயம்) இருந்தாலோ, 1 செ.மீ.க்கு மேற்பட்ட பழைய ரத்தக்கசிவு இருந்தாலோ மருந்து வேண்டாம்.

லெகனெமாபுக்கு 5, 7, 14-ஆவது ஊசிகளுக்கு முன் ஸ்கேன் என்று இருந்தது. 2025 ஆகஸ்டில் எஃப்டிஏ 2-க்கும் 3-க்கும் நடுவிலும் ஒன்று சேர்க்கச் சொன்னது. டோனனெமாபுக்கு 2, 3, 4, 7-ஆவது ஊசிகளுக்கு முன்.

இ வகையின் அளவு: ஒரே இடத்தில் 5 செ.மீ.க்குக் கீழ் லேசானது. 5–10 செ.மீ., அல்லது பல இடங்களில் ஒவ்வொன்றும் 10-க்குக் கீழ் என்றால் நடுத்தரம். 10-ஐத் தாண்டினால் தீவிரம். புதிய நுண்கசிவு 4 வரை லேசானது, 5–9 நடுத்தரம், 10-லிருந்து தீவிரம்.

அடிக்கடி நடக்கும் பிசகு: முதல் ஸ்கேன் 1.5 டெஸ்லாவில் ஜிஆர்இ, அடுத்தது 3 டெஸ்லாவில் எஸ்டபிள்யூஐ. இரண்டாவது கூர்மையானது, பழைய புள்ளிகளையும் காட்டும். "புதிதாக 3 நுண்கசிவு" என்று ரிப்போர்ட் போய், காரணமில்லாமல் மருந்து நிற்கும். ஒரே இயந்திரம், ஒரே முறை. எப்போதும் முதல் ஸ்கேனைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று உங்கள் ஈஜிஎஃப்ஆர் 41-க்குத் தொடர்புடையது. சில நாள் முன்பு வேறு காரணத்துக்குக் கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து போட்டிருந்தால், மந்தமான சிறுநீரகம் அதை மெதுவாக வெளியேற்றும். மூளை நீரில் கசிந்த கடோலினியம் ஃப்ளேரில் மடிப்புகளுக்குள் வெள்ளையாகத் தெரியும், இ வகையைப் போலவே. ஸ்கேனின்போது ஆக்சிஜன் அதிகம் கொடுத்தாலும் அப்படித் தெரியும். ஏஆர்ஐஏ பார்க்கக் கான்ட்ராஸ்ட் தேவையில்லை, கேட்காதீர்கள்.

ஊசி எடுப்பவர்கள் பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்க வேண்டும். இ வகை வீக்கம் பக்கவாதம் போலவே திடீரென்று வரலாம். அவசரப் பிரிவில் விஷயம் தெரியாமல் ரத்தக்கட்டைக் கரைக்கும் டிபிஏ கொடுத்துவிட்டால்? லெகனெமாப் எடுத்த ஒருவர் டிபிஏவுக்குப் பின் மூளையில் பல இடங்களில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தது 2023-ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. டிஃப்யூஷனில் பிரகாசம் இல்லாமல் ஃப்ளேரில் மட்டும் வீக்கம் தெரிந்தால் கையை நிறுத்துங்கள்.

முதியோர்நலம்

நினைவுப்பிரிவு டாக்டர் சொன்னதில் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. ஊசி போட முடியாவிட்டால் பெட் எதற்கு என்பது மருந்தை மட்டும் வைத்துப் பார்க்கும் கணக்கு. நோயின் பெயர் தெரிந்தால் குடும்பம் திட்டமிடும்: வாகனம் ஓட்டுவது, சொத்து, கையெழுத்து உரிமை, யார் கூட இருப்பது என்று. நெகட்டிவ் வந்தாலும் லாபம்தான், வேறு காரணத்தைத் தேடும் வேகம் கூடும். அபிக்ஸபன் என்ற ஒரே காரணத்தால் கேள்வியையே மூடக்கூடாது.

நினைவுப்பிரிவு

ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அந்தக் காரணத்துக்காக என்றால் நோயாளியே கேட்க வேண்டும், மகனோ மகளோ அல்ல. 22 மோகாவில் அவரால் முடிவெடுக்க முடியும். "தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா" என்று அவரைத் தனியாகக் கேளுங்கள். ஆம் என்றால் பெட் எழுதலாம்.

வழிப்போக்கன்

குறுக்கே ஒரு கேள்வி. பார்க்கின்சனுக்கு இப்படி ரத்தப் பரிசோதனை உண்டா?

ஆய்வகக்குழாய்

ரத்தத்தில் இந்த அளவுக்கு நம்பகமாக இன்னும் இல்லை. பார்க்கின்சனில் படியும் ஆல்ஃபா-சினுக்ளின் புரதத்துக்கான விதைப் பெருக்கச் சோதனை முதுகுத்தண்டு நீரில்தான் நன்றாக வேலை செய்கிறது. நீரில் தவறாக மடிந்த புரதம் துளி இருந்தாலும், சேர்க்கப்படும் நல்ல புரதத்தையும் தன்போல் மடித்துப் பெருக்கும், அந்த ஒளிர்வை அளக்கிறார்கள். 2023-ல் பிபிஎம்ஐ என்ற பார்க்கின்சன் ஆய்வுக் குழு 1123 பேரில் வெளியிட்டதில் பார்க்கின்சன் நோயாளிகளில் 87.7 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ். எல்ஆர்ஆர்கே2 மரபணு மாற்றம் உள்ளவர்களில் 67.5 மட்டுமே, அதனால் அவர்களில் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று சொல்லிவிடக்கூடாது. முடிவு உண்டு, இல்லை என்பதுதான். எவ்வளவு முற்றியது என்று சொல்லாது.

பொதுமருத்துவன்

ஆக்சிபியூட்டினின் நிறுத்தி எவ்வளவு நாள் கழித்து மோகா திரும்பப் பார்க்கலாம்? டோனெபெசிலை அதற்குமுன் தொடங்கலாமா?

நினைவுப்பிரிவு

6 முதல் 8 வாரம் கொடுங்கள். அதே தாளில் திரும்ப வைக்காதீர்கள், 5 சொற்கள் மனதில் நின்றுவிடும். மோகாவின் 8.1 வடிவத்தை வைத்திருந்தால் இப்போது 8.2 வடிவம். அதுவரை டோனெபெசில் வேண்டாம். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. பிறகு தேவைப்பட்டால் முதலில் ஈசிஜி. மெட்டோப்ரோலாலும் டோனெபெசிலும் சேர்ந்தால் நாடி ரொம்ப இறங்கலாம், மயங்கி விழுந்தால் அபிக்ஸபன் எடுப்பவருக்குத் தலையில் ரத்தக்கசிவு. நாடி 60-க்குக் கீழ் இருந்தால் இதய மருத்துவரிடம் பேசாமல் தொடங்க வேண்டாம். தொடங்கினால் 5 மி.கி., 4–6 வாரம் கழித்து 10. கெட்ட கனவு வருகிறது என்றால் மாத்திரையைக் காலைக்கு மாற்றுங்கள்.